த்ரில்லர் வாசகரின் குறிப்பேடு: எழுதுவது முதல் பரிந்துரைப்பது வரை முழுமையான வழிகாட்டி

“செம விறுவிறுப்பு. கீழே வைக்கவே முடியவில்லை. கட்டாயம் படியுங்கள்.” த்ரில்லர் பரிந்துரைகள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகின்றன. சொல்பவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே கண்விழித்துத்தான் படித்திருப்பார். ஆனால் கேட்பவருக்கு இதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. கொலைகாரன் யார் என்று தேடுகிற கதையா, கொலைகாரனுக்குப் பின்னாலேயே நாமும் போகிற கதையா? ஆரம்பத்தில் பொறுமை வேண்டுமா? குழந்தைக்கு ஏதாவது ஆகிறதா? முடிவு நியாயமாக வருகிறதா, வானத்திலிருந்து குதிக்கிறதா?

மற்ற புத்தகங்களைப் பற்றிப் பேச ஒரு வசதி உண்டு, கதையைச் சொல்லலாம். த்ரில்லரில் அது நடக்காது. சொல்வதற்கு மிஞ்சுவது வாசித்த அனுபவம்தான்: எங்கே பிடித்துக்கொண்டது, எங்கே தொய்ந்தது, யாரைச் சந்தேகப்பட்டீர்கள், எப்போது மனம் மாறியது. புத்தகத்தை மூடியதும் முதலில் மறந்துபோவதும் இவைதான். முடிவு தெரிந்த பிறகு ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று மனம் தானாகவே கதை கட்டத் தொடங்கிவிடும். ஆகவே, நல்ல பரிந்துரை வேண்டுமென்றால் குறிப்பைப் படிக்கும்போதே எழுத வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் அதிலிருந்து கிளம்புபவைதான்.

படி 1: எதில் எழுதுவது

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். நோட்டுப் புத்தகம், போனில் இருக்கும் குறிப்புச் செயலி, ஸ்ப்ரெட்ஷீட், எது கைக்கு எட்டுகிறதோ அது போதும். செயலி வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் சொல்லலாம். குட்ரீட்ஸ் 2007இல் தொடங்கியது, 2013இல் அமேசான் அதை வாங்கியது. ஏராளமான வாசகர்கள் அங்கே இருப்பதால் நண்பர்களின் பட்டியலைப் பார்ப்பது எளிது. ஆனால் முழு நட்சத்திரம்தான் தரமுடியும். மூன்றரை என்று நினைத்தால் மேலேயோ கீழேயோ தள்ளியாக வேண்டும். ஸ்டோரிகிராஃபில் கால் நட்சத்திரம்வரை தரலாம். அதோடு கதையின் வேகம், மனநிலை, உள்ளடக்க எச்சரிக்கை ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிக்கலாம். த்ரில்லர் வாசகருக்கு அது அதிகம் உதவும். இரண்டிலிருந்தும் உங்கள் தரவுகளை, ஸ்ப்ரெட்ஷீட்டில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ள முடியும். எப்போதாவது நினைவு வரும்போது அதைச் செய்து வையுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். ஒன்று உங்களுக்கு மட்டுமானது. அதில் கொலைகாரன் பெயர் உட்பட எல்லாம் இருக்கும். இன்னொன்று பிறருக்கானது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால், ஒருநாள் அவசரத்தில் முழுக் குறிப்பையும் நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிடுவோம். அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்டு என்ன பயன்?

படி 2: ஆரம்பத்திலேயே எழுத வேண்டியவை

புத்தகத்தைத் திறந்த அன்றே தலைப்பு, ஆசிரியர், முதலில் வெளியான ஆண்டு, மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர், தொடரில் எத்தனையாவது, யார் பரிந்துரைத்தார், தொடங்கிய தேதி ஆகியவற்றை எழுதிவிடுங்கள்.

வெளியான ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். செல்போனும் கண்காணிப்புக் கேமராவும் இல்லாத காலத்துக் கதையை இன்றைய கண்ணோடு படித்தால் ‘ஒரு போன் பண்ணியிருந்தால் முடிந்திருக்குமே’ என்று தோன்றும். ஆண்டைச் சொல்லிவிட்டால் படிப்பவர் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்வார்.

தொடரில் எத்தனையாவது என்பதும் அப்படித்தான். சுஜாதாவின் கணேஷ்-வசந்த் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பக் கதைகளில் கணேஷ் மட்டும்தான் உண்டு, வசந்த் பிறகுதான் வந்து சேர்கிறார். வசந்தின் நக்கலுக்காகவே ஒருவர் கேட்கிறார் என்றால், அவர் கையில் முதல் நாவலைக் கொடுப்பது சரியாகாது. பத்திரிகையில் தொடர்கதையாக வந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளலாம். வாரம் ஒரு அத்தியாயம் என்று எழுதப்பட்ட கதையில் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஒரு கொக்கி தொங்கும். அதையே ஒரே மூச்சில் புத்தகமாகப் படிக்கும்போது சிலருக்கு அலுப்புத் தட்டும். குறை எழுத்தில் இல்லை, படிக்கிற முறையில் இருக்கிறது. அதைச் சொல்லியே பரிந்துரைக்கலாம்: “ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும்.”

படி 3: யூகங்களை எழுதுங்கள்

குறிப்பேட்டில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் இடம் என்றால் நான் இதற்குத்தான் கொடுப்பேன். பெரும்பாலான வாசிப்புப் பட்டியல்களில் இது இருப்பதே இல்லை.

புத்தகத்தில் ஏறக்குறைய கால் பங்கு, பாதி, முக்கால் பங்கு என மூன்று இடங்களில் நிறுத்தி இரண்டு வரி எழுதுங்கள். இப்போது யார்மீது சந்தேகம், ஏன், எவ்வளவு உறுதி? பக்க எண்ணைவிட அத்தியாய எண்ணைக் குறிப்பது நல்லது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். மின்னூலில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினாலே எல்லாம் நகர்ந்துவிடும். குறிப்பு இந்த மாதிரி இருந்தால் போதும்:

“அத். 9: மைத்துனர்மேல் சந்தேகம். யாரும் கேட்காமலே சாவியைப் பற்றி விளக்கம் சொல்கிறார். பாதி உறுதி.”
“அத். 17: மைத்துனர் இல்லை போலிருக்கிறது. ஆசிரியர் அவரை வேண்டுமென்றே காட்டுகிறார். அந்தப் பழைய கடிதம் எங்கே போனது?”
“அத். 26: யாரென்று தெரியவில்லை. இப்போது அது முக்கியமாகவும் படவில்லை, அந்தப் பெண் தப்பித்தால் போதும்.”

மூன்றாவது குறிப்பைப் பாருங்கள். மர்மக் கதையாகத் தொடங்கியது ஆபத்திலிருந்து தப்பிக்கிற கதையாக மாறிவிட்டது என்பதை அது தானாகவே சொல்லிவிடுகிறது. முடித்த பிறகு யோசித்து எழுதினால் இது வராது.

இந்தக் குறிப்புகளால் வேறு பயன்களும் உண்டு. கதையை உடைக்காமல் கதையின் தன்மையைச் சொல்லலாம்: “பாதிவரை நான் தவறான ஆளைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன், ஆனால் பின்னால் திரும்பிப் பார்த்தால் எல்லாத் தடயமும் கண்ணெதிரிலேயே இருந்தது.” நியாயமாக ஆடப்பட்ட ஆட்டமா என்பதும் தெரியவரும். ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே குறிப்பிடப்பட வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக்கூடாது என்பவை அவற்றில் சில. பாதி விளையாட்டாக எழுதியவைதான், எல்லா நாவலும் அவற்றுக்குக் கட்டுப்பட வேண்டியதும் இல்லை. ஆனாலும் உங்கள் யூகக் குறிப்புகளோடு ஒப்பிட ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

எழுதுவதற்காக நிறுத்தினால் வேகம் கெடாதா? கெடும்தான். அதனால் அத்தியாயம் முடியும்போது மட்டும் எழுதுங்கள். நிறுத்தவே மனம் வராமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டால், ‘அத். 20 முதல் 31 வரை நிறுத்தவில்லை’ என்று அப்புறம் எழுதுங்கள். அதுவே ஒரு தகவல். எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போக முடிந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

படி 4: முடித்ததும்

முடித்த உடனே ஒரு வரி, மறுநாள் ஒரு பத்தி. உடனே எழுதுவதில் கிளைமாக்ஸின் சூடு இருக்கும். மறுநாள்தான் ‘சரி, அப்படியென்றால் அவன் ஏன் அன்றைக்குக் கதவைத் திறந்தான்?’ என்ற கேள்வி வரும். ஓட்டைகள் வெளியே தெரிய ஓர் இரவு ஆகும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், புத்தகம் வேகத்தால் நின்றதா, கட்டமைப்பால் நின்றதா என்று புரிந்துவிடும்.

மதிப்பெண் தருவதாக இருந்தால் ஒரே எண்ணில் அடைக்காதீர்கள். படித்தபோது கிடைத்த விறுவிறுப்புக்கு ஒன்று, முடிவின் நியாயத்துக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். விறுவிறுப்பு 5, முடிவு 2 என்று வரும் புத்தகங்கள் ஏராளம். பயணத்தில் படிக்க ஏதாவது கேட்கிறவருக்கு அது போதும். முடிவு சொதப்பினால் புத்தகத்தைத் தூக்கி எறிகிற நண்பருக்கு அதையே கொடுக்க முடியாது. ஒரே எண்ணாக 3.5 என்று போட்டிருந்தால் இந்த இருவருக்கும் உதவாது.

பாதியில் விட்ட புத்தகங்களையும் எழுதுங்கள். எந்த அத்தியாயத்தில், எதனால் என்று. ‘கதாநாயகன் முட்டாள்தனமாக நடந்துகொண்டே இருந்தான்’ என்பதும் ‘ரத்தம் அதிகம்’ என்பதும் வேறு வேறு காரணங்கள். இரண்டாவது காரணத்துக்காகவே அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

படி 5: பகிர்வதற்கான பிரதி

இப்போது தனிக் குறிப்பிலிருந்து பொதுக் குறிப்பைத் தயாரிக்க வேண்டும். ஸ்பாய்லர் என்றால் கொலைகாரன் பெயரைச் சொல்வது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைவிட நுட்பமாகவே கதை உடைகிறது.

“கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது பாருங்கள்” என்பதே ஸ்பாய்லர்தான். அதைக் கேட்டவர் முதல் பக்கத்திலிருந்தே எல்லாரையும் தலைகீழாகப் பார்க்கத் தொடங்குவார். நடுவில் வரும் விடையை நம்பவே மாட்டார். “இது அந்த நாவல் மாதிரியே இருக்கும்” என்று முடிவுக்காகவே பெயர்பெற்ற ஒன்றோடு ஒப்பிடுவதும் அதே காரியத்தைச் செய்கிறது. “பாவம் அந்தத் தம்பி, எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம்” என்றால் தம்பி கதி தெரிந்துவிடும். அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலைப் பற்றி இன்னும் விவாதம் ஓயவில்லை. ஏன் ஓயவில்லை என்று சொன்னாலே படிக்காதவருக்குப் புத்தகம் போய்விடும். அந்த மாதிரிப் புத்தகத்துக்கு “இதைப் பற்றி எதையும் தேடாமல் படியுங்கள்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

எவ்வளவு சொல்லலாம்? முதல் சில அத்தியாயங்களில் நிலைபெற்றுவிடுகிற சூழல்வரை சொல்லலாம் என்பது என் கணக்கு. பின்னட்டையை நம்பி அளவுகோலாக வைக்காதீர்கள். பாதிக்கதையைச் சொல்லிவிடும் பின்னட்டைகள் நிறைய உண்டு. அப்படிப்பட்டதைக் கண்டால் “பின்னட்டையைப் படிக்காதீர்கள்” என்று உங்கள் குறிப்பின் முதல் வரியிலேயே போடுங்கள். பலர் நன்றி சொல்வார்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள் அந்தச் சிறுகதைகளைச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள் என்பது அதில் கண்டது. இதைக் காட்டி ‘ஸ்பாய்லர் ஒன்றும் செய்யாது’ என்று வாதிடுபவர்கள் எல்லா வாசகர் வட்டத்திலும் ஒருவராவது இருப்பார்கள். அந்த ஆய்வில் இருந்தவை சிறுகதைகள். நாள்கணக்கில் யூகித்துக்கொண்டே படிக்கிற நாவலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அது ஒருபுறம் இருக்கட்டும், முடிவைத் தெரிந்துகொண்டு படிப்பதா வேண்டாமா என்பது படிப்பவர் எடுக்க வேண்டிய தீர்மானம்.

முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால் மறைத்துப் பேச வழிகள் இருக்கின்றன. இணையத்தின் பழைய விவாதக் குழுக்களான யூஸ்நெட்டில் ராட்13 என்றொரு முறை இருந்தது. ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதுவார்கள். வேண்டுமென்றவர் மட்டும் மீண்டும் பதின்மூன்று இடம் தள்ளிப் படித்துக்கொள்வார். இன்றைக்கு டெலிகிராம், டிஸ்கார்ட், குட்ரீட்ஸ் ஆகியவற்றில் தொட்டால் மட்டும் தெரிகிற ஸ்பாய்லர் வசதியே உண்டு. அது இல்லாத இடத்தில் முதல் வரியில் புத்தகத்தின் பெயரும் ‘முடிவு பற்றி’ என்ற எச்சரிக்கையும் போட்டு, பல வெற்று வரிகள் விட்டு எழுதுங்கள். செய்தி வந்ததும் போன் திரையில் முதல் வரிகள் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். எச்சரிக்கையும் ரகசியமும் அடுத்தடுத்து இருந்தால் எச்சரிக்கையால் பயன் இல்லை.

படி 6: ஒருவருக்குப் பரிந்துரைப்பது

பட்டியல் பகிர்வது வேறு, ஓர் ஆளுக்கு ஒரு புத்தகம் சொல்வது வேறு. “நல்ல த்ரில்லர் ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்டால் உடனே பெயர் சொல்லாதீர்கள். கடைசியாக எந்தப் புத்தகம் பிடித்தது, அதில் எது பிடித்தது என்று கேளுங்கள். “எது பிடிக்கவில்லை” என்று கேட்டால் இன்னும் தெளிவான பதில் கிடைக்கும்.

த்ரில்லர் என்ற ஒரே பெயரில் வேறு வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ‘யார் செய்தது?’ என்ற கேள்வியில் ஓடுகிற கதைகளை விரும்புபவருக்குத் தடயம், சந்தேக வட்டம், விடை எல்லாம் வேண்டும். ஒரு தீவில் சிக்கிய பத்துப் பேரைப் பற்றி கிறிஸ்டி 1939இல் எழுதிய ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ அந்த வகையின் உச்சம். ‘செய்தவன் மாட்டுவானா?’ என்பது இன்னொரு கேள்வி. ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912 தொகுப்பான ‘தி சிங்கிங் போன்’ கதைகளில் குற்றத்தை முதலிலேயே காட்டிவிட்டு, துப்பறிபவர் எப்படி அங்கே வந்து சேர்கிறார் என்று பார்க்கவைத்தார். ஜப்பானின் கெய்கோ ஹிகாஷினோ 2005இல் எழுதிய ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவலும் கொலையைத் தொடக்கத்திலேயே நம் கண்முன் வைக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பாட்ரிசியா ஹைஸ்மித்தின் ‘தி டாலன்டட் மிஸ்டர் ரிப்ளி’ (1955) குற்றவாளியின் மனதுக்குள்ளேயே நம்மைக் குடிவைக்கிறது. அவன் தப்பிக்க வேண்டும் என்று நாமே நினைக்கிற இடம் வரும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஜான் லெ காரேயின் ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ (1963) உளவுக் கதைதான், ஆனால் துப்பாக்கிச் சண்டை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்துபோவார். தாஃப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’வில் (1938) பயம் முழுவதும் ஒரு வீட்டுக்குள், ஒரு பெண்ணின் தயக்கத்துக்குள் ஊறுகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே வாசகர் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நண்பருக்கு வேண்டியது அதிர்ச்சியா, பதற்றமா என்பதையும் பிரித்துப் பாருங்கள். திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுடனான நேர்காணலில் இதை ஒரு வெடிகுண்டை வைத்து விளக்கினார். மேஜைக்கடியில் குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. இருப்பது முன்பே தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம். உங்கள் யூகக் குறிப்புகளைப் புரட்டினால் ஒரு புத்தகம் எதைக் கொடுத்தது என்று சுலபமாகத் தெரியும். குறிப்பு முழுக்க ‘யார்?’ என்று இருந்தால் ஒரு வகை. ‘ஐயோ, போகாதே’ என்று இருந்தால் மற்றது.

இனி பரிந்துரையை எழுதலாம். ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ நாவலுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“1971இல் வந்தது. பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளி தயாராகிறான். அவன் பெயர்கூடத் தெரியாமல் போலீஸ் தேடத் தொடங்குகிறது. டி கோல் 1970இல் இயற்கையாகத்தான் இறந்தார், ஆகவே கொலை நடக்குமா என்பதற்கு விடை முன்பே தெரியும். ஆனாலும் பதற்றம் குறையவில்லை. எப்படித் தடுக்கப்போகிறார்கள் என்பதுதான் இழுக்கிறது. முதல் பகுதியில் பெரும்பாலும் தயாரிப்பு வேலைகள்: போலி அடையாளம், தனியாகச் செய்வித்த துப்பாக்கி. இந்த நுணுக்கங்களை ரசிப்பவர்களுக்கு விருந்து. பாத்திரங்களின் மனதை ஆழமாகத் தோண்டுகிற கதை வேண்டுமென்றால் இது வேண்டாம்.”

கடைசி வரியைக் கவனியுங்கள். யாருக்கு ஒத்துவராது என்று சொல்லாத பரிந்துரை அரைகுறைதான். அதைச் சொல்வதால் புத்தகத்தின் மதிப்புக் குறையாது. அடுத்த முறை நீங்கள் ஒன்றை நல்லது என்று சொல்லும்போது நம்புவார்கள்.

உள்ளடக்க எச்சரிக்கையையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள். பாலியல் வன்முறை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, தற்கொலை, விலங்குவதை ஆகியவை த்ரில்லர்களில் சாதாரணமாக வரும். ‘யாருக்கு, எங்கே’ என்று சொல்லாமல், ‘இருக்கிறது, நேரடியாக விவரிக்கப்படுகிறது’ அல்லது ‘பேச்சில் மட்டும் வருகிறது’ என்று எழுதினால் கதையும் உடையாது. அந்த எச்சரிக்கைகூட வேண்டாம் என்பவர்களுக்காக அதைக் குறிப்பின் கடைசியில், சற்று இடைவெளிவிட்டுப் போடலாம்.

படி 7: சேர்ந்து படிப்பது

ஒரே த்ரில்லரை நாலைந்து பேர் சேர்ந்து படிப்பதைப் போலச் சுவாரசியமானது வேறில்லை, நிறுத்தும் இடங்களை முன்பே முடிவுசெய்திருந்தால். ஏற்கெனவே படித்த ஒருவர் இருந்தால் அவரையே அத்தியாய எல்லைகளைத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். எங்கே நிறுத்தினால் யூகம் சூடாக இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். அவருக்கு ஒரே நிபந்தனை: விவாதத்தில் வாய் திறக்கக்கூடாது, சிரிக்கும் எமோஜியும் போடக்கூடாது. யாராவது சரியான ஆளைச் சொல்லும்போது அவர் திடீரென்று அமைதியானாலும் மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லாரும் யூகத்தை எழுதி முடித்த பிறகே காட்ட வேண்டும். முதலில் பேசுபவரின் சந்தேகம் மற்றவர்களையும் தொற்றிக்கொள்ளும். முந்திப் படித்துவிட்டவர்கள் ‘நான் அத். 22 தாண்டிவிட்டேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

முடித்த பிறகு எல்லாருடைய யூகக் குறிப்புகளையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வையுங்கள். யார் எந்த அத்தியாயத்தில் கண்டுபிடித்தார், எந்தப் பொய்த் தடயத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று பார்த்தால் அன்றைய விவாதம் தானாகவே நடக்கும். அந்தப் பக்கத்தைப் புத்தகத்தின் பெயரோடு தனியாகச் சேமித்து, படிக்காதவர் தெரியாமல் திறந்துவிடாதபடி கோப்பின் பெயரிலேயே ‘முடிவு உள்ளது’ என்று எழுதிவிடுங்கள்.